படத்தில் இருப்பவரைக் கேட்டீர்களா?

சங்கம் வைக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. போனில் ஊர்ச் செய்தி போடுகிறவர்களையும் பத்திரிகையாளர்கள் என்று ஏற்றுக்கொண்டு அடையாள அட்டை தரவேண்டும் என்று கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோகிறீர்களாம். அதற்கு முன்னால் நடக்கும் கூட்டத்தில் வந்து பேசும்படி என்னைக் கூப்பிட்டீர்கள். எனக்கு மேடை ஆகாது. நாலு பேர் ஒரே சமயத்தில் என் முகத்தைப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியிருக்கிறேன். யாராவது படித்துக் காட்டுங்கள். முடியாவிட்டால் குரூப்பில் போட்டுவிடுங்கள்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டெம்போ ஓட்டுகிறவன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. வத்தல்மலையிலிருந்து மிளகு, காப்பிக்கொட்டை, சாமை, பலாப்பழம் என்று அந்தந்தப் பருவத்தில் விளைவதை ஏற்றிக்கொண்டு தருமபுரியிலும் அரூரிலும் இறக்குவேன். மண்டியில் ஆள் வந்து மூட்டையை இறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சும்மா நேரத்தில்தான் எழுத ஆரம்பித்தேன். முதலில் வலைப்பூ. பிறகு எல்லாரும் பேஜ் வைத்தபோது நானும் வைத்தேன். மலைப்பாதையில் எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது, பனி விலகியதா, பஸ் மேலே வந்ததா, ரேஷன் கடை திறந்திருக்கிறதா, இவ்வளவுதான் என் செய்தி. பேசக் கூச்சப்படுகிறவனுக்கு எழுதுவது வசதி. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மலைக்காரர்களும் அடிவாரத்துக்காரர்களும் படித்தார்கள். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்கள் தங்கள் ஊரில் மழையா என்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பேஜுக்கு நான் வைத்த பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். டெம்போக்காரர் பேஜ் என்றுதான் சொல்வார்கள்.

இப்போது நான் அதை நடத்துவதில்லை. இப்போதெல்லாம் முகத்தைக் காட்டிப் பேசினால்தான் பார்க்கிறார்கள். ஒருமுறை முயற்சி செய்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க, போலீஸ்ல புடிச்சாந்து நிறுத்தின மாதிரி நிக்கறீங்க?" என்றாள். ஒதுங்கிக்கொண்டேன். வண்டி மட்டும் ஓடுகிறது.

நாம் பத்திரிகையாளர்களா இல்லையா என்று என்னிடம் கேட்டீர்கள். நேரான பதில் எனக்குத் தெரியாது. நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் உங்களில் சிலரும் இருக்கிறீர்கள். யாருடைய பெயரையும் சொல்லமாட்டேன். சம்பந்தப்பட்ட பெண்ணிடமும், பொம்மிடியில் டீக்கடை வைத்திருந்த ஒருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் இப்போது அந்தக் கடையை விட்டுவிட்டு மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

மலை டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடிவாரத்தில் ஏறப்போகிற வண்டிக்காரன், இறங்கிவந்த வண்டிக்காரனைப் பார்த்து, "மேல எப்புடி?" என்று கேட்பான். இறங்கிவந்தவன் தான் கடந்துவந்த வளைவுகளைப் பற்றி மட்டும்தான் சொல்லவேண்டும். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்று சொல்வதில் வெட்கம் கிடையாது. யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு ரோடு கிளியர் என்று சொல்லி, அது பொய்யாகிப்போனால், அவனை யாரும் திட்டமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். மறுபடி கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தாலும் அவனைத் தாண்டிப்போய் அடுத்தவனைக் கேட்பார்கள். ஒரு டிரைவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. பத்திரிகைத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்த படிப்பு இது ஒன்றுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அரூரில் நான் வழக்கமாகச் சரக்கு இறக்கும் மண்டியின் முதலாளி நல்ல மனிதர். பல வருடப் பழக்கம். அன்று காலை நான் வண்டியை நிறுத்தியதும் அவரே கடையை விட்டிறங்கி வண்டியிடம் வந்தார். அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"டிரைவரு, உம்பேஜுல ஒண்ணு போடணும்பா. அவசரம்."

"சொல்லுங்கண்ணா."

"எந்தம்பி பொண்ணு. நேத்துல இருந்து காணம். படம் அனுப்பியிருக்கறேன், மேட்டரும் அதுலயே இருக்குது. அப்புடியே போட்டுடு."

போனைத் திறந்தேன். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டு அந்தப் பெண்ணை மட்டும் வைத்திருந்தார்கள். கீழே, காணவில்லை என்று போட்டு, வயது இருபத்தொன்று, மனநிலை சரியில்லாதவர், வழி தவறிச் சென்றுவிட்டார், எங்காவது பார்த்தால் பிடித்து வைத்துக்கொண்டு இந்த எண்ணுக்குத் தகவல் தரவும் என்று எழுதியிருந்தது.

காணவில்லை அறிவிப்பு என்றால் நமக்கெல்லாம் கை தானாகப் போகும். ஞாபகமறதி உள்ள பெரியவர், தேர்க்கூட்டத்தில் கையை விட்ட குழந்தை, கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு போன மாடு, எல்லாம் நான் போட்டிருக்கிறேன். கிடைத்துவிட்டார் என்று மறுநாள் போடும்போது வருகிற சந்தோஷம் வேறு எந்தச் செய்தியிலும் கிடையாது. நாம் யோசிக்காமல் போடுகிற ஒரே செய்தியும் அதுதான். யோசிப்பதே பாவம் என்று நினைக்கிறோம்.

"ஸ்டேஷன்ல சொல்லியாச்சுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"குடும்ப விசயத்தக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல வெப்பாங்களா? நீ போடுப்பா."

"பாப்பாவுக்கு ரொம்ப நாளாவே ஒடம்பு சரியில்லீங்களா?"

மண்டி வாசலில் ஒரு கார் நின்றிருந்தது. இரண்டு பேர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னா நீ, கேள்வி மேல கேள்வி கேக்கற?" என்றார். "தகவல் வந்தாப் போயித் தூக்கியாறதுக்கு வண்டி ரெடியா நிக்குது. நீ போட்டீன்னா மலைப்பக்கம், பொம்மிடிப் பக்கம் எல்லாம் பாப்பாங்க. உம்பேஜத்தான் சனங்க நம்பறாங்க."

அந்தக் கடைசிச் சொல் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதேசமயம், தூக்கியாறது என்று அவர் சொன்னது காதில் நின்றது. காணாமல் போனவர்களைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். மனநிலை சரியில்லாதவர் என்ற வரியை மறுபடி படித்தேன். இது நான் கடந்துவந்த வளைவு இல்லை என்று தோன்றியது.

"வெசாரிச்சிட்டுப் போடறேங்கண்ணா."

"எவங்கிட்ட வெசாரிப்ப? பெரியப்பன் நானே சொல்றேன்."

"பாப்பாகிட்ட."

அவர் சிரித்துவிட்டார். காரில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "காணாமப் போனவகிட்ட எப்புடிடா வெசாரிப்ப? அஞ்சாங்கிளாசு படிச்சிட்டு டெம்போ ஓட்டறவன், பெரிய பத்திரிகைக்காரன்னு நெனப்பு. நீ போடலேன்னா ஊருல வேற பேஜே இல்லியா?"

நியாயமான கேள்வி. மூட்டைகளை இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

வண்டி ஓட்டும்போதுதான் எனக்கு யோசனை வரும். வயது வந்த ஒரு பெண் வீட்டை விட்டுப் போனால் நம் பக்கத்தில் அதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஓடிப்போய்விட்டாள் என்றால் மானம் போகும். புத்தி சரியில்லை என்றால் பரிதாபம் கிடைக்கும். இரண்டாவதில் இன்னொரு வசதியும் உண்டு. அதற்குப் பிறகு அவள் சொல்வதை யாரும் கேட்கவேண்டியதில்லை. நான் என் விருப்பத்தில்தான் போகிறேன், விடுங்கள் என்று அவள் நடுரோட்டில் கத்தினாலும், பாவம், புத்தி சரியில்லாத பிள்ளை என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். கெட்டவர்கள் இல்லை, நல்ல மனிதர்கள்தான் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்துக்கொண்டு வரப்பட்ட பெண்ணுக்குப் பூட்டிய வீட்டுக்குள் அவசரமாகக் கல்யாணம் நடக்கும். அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. இது உங்களுக்குத் தெரியாதது இல்லை.

மதியத்துக்குள் எங்கே பார்த்தாலும் அந்தப் படம். உங்களில் பலர் போட்டிருந்தீர்கள். கும்பிடுகிற கைப் படத்தோடு, தயவுசெய்து பகிருங்கள் என்று சேர்த்துப் போட்டிருந்தீர்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டீர்கள். அட்டை வைத்திருக்கும் ஒரு நிருபரும் தன் செய்திக் குரூப்பில் போட்டிருந்தார்.

சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தபோது போன் வந்தது.

"அண்ணா, நான் பொம்மிடி ரயில்வே ஸ்டேஷன் எதிர்க்க டீக்கடைங்க. ஒரு சந்தேகம்."

அந்தப் பக்கம் போனால் அவர் கடையில்தான் டீ குடிப்பேன். "சொல்லுங்க" என்றேன்.

"காணவில்லைன்னு ஒரு பொண்ணு படம் சுத்துதில்ல? அது இங்க எங்கடை பெஞ்சுல உக்காந்திருக்குது."

வண்டியை ஓரம் கட்டினேன். "வூட்டுக்காரங்களுக்குப் போன் போட்டீங்களா?"

"போடலாம்னுதான் நம்பரு தட்டினேன். அப்பறம் உங்க பேஜப் பாத்தா அதுல இல்ல. டெம்போக்காரரு போடலியே, என்னமோ இருக்குதேன்னு..." குரலைத் தாழ்த்தினார். "புத்தி சரியில்லேன்னு போட்டிருக்குதுங்க. பாத்தா அப்புடித் தெரியலீங்களே. டீயில சக்கரை கம்மியாப் போடச் சொல்லுச்சு. குடிச்சுப் பாத்துட்டு ஜாஸ்தின்னு திருப்பிக் குடுத்துருச்சு. நானும் இவ்ளோ வருசமாக் கடை வெச்சிருக்கறேன், எந்தப் பைத்தியமும் எங்கடை டீயக் கொற சொன்னதில்லீங்க."

"புத்தி இருக்கறவங்கதான் சொல்லுவாங்க."

"சிரிக்காதீங்கண்ணா. இங்க ரெண்டு மூணு பேரு போனப் பாத்துப் பாத்து அதோட மூஞ்சியப் பாக்கறாங்க. எவனாச்சும் அந்த நம்பருக்குப் போன் போட்டுருவான். புடிச்சு வெக்கலாம்னுகூடப் பசங்க பேசிக்கறாங்க. ரயிலு வேற லேட்டு. நான் என்ன பண்ணட்டும்?"

அரூரிலிருந்து பொம்மிடிக்குக் கார் வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. கார் தயாராக நிற்பதை நான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

அப்போது எனக்கு இரண்டு பக்கமும் பள்ளம். எழுதியிருப்பது உண்மையாக இருந்து, விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னால், புத்தி தெளியாத ஒரு பெண் ரயிலேறி எங்கோ போய்விடுவாள். அதற்கு நான்தான் காரணம் ஆவேன். பொய்யாக இருந்து, போன் போடுங்கள் என்று நான் சொன்னால், அதற்குப் பிறகு நடப்பதற்கும் நான்தான் காரணம். பேப்பரில் வேலை செய்கிறவனாக இருந்தால் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். எனக்கு மேலே யாரும் இல்லை. அது எவ்வளவு பயமான விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது.

"போனை அந்தப் பாப்பாகிட்டக் குடுங்க" என்றேன்.

தெரியாத பெண்ணிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. சொந்த மனைவியிடம் சரளமாகப் பேசவே எனக்கு வெகுநாள் ஆயிற்று.

"யாருங்க?" என்றது அந்தக் குரல்.

"நான் வந்து... டெம்போ ஓட்டறவனுங்க. மலைச் செய்தி போடுவேன். பேஜு."

"போலீசா?"

"இல்லீங்க."

"பத்திரிகையா?"

"தெரியலீங்க" என்றேன்.

"என்ன வேலை பாக்கறீங்கன்னு உங்களுக்கே தெரியலியா?"

"உங்க படம் போனுல சுத்துதுங்க. காணவில்லைன்னு" என்றேன்.

"தெரியும். இப்பத்தான் டீக்கடைக்காரரு காட்டினாரு."

"அதுல, மனசு சரியில்லாதவங்கன்னு போட்டிருக்குது. அது நெசங்களா?"

கேட்டுவிட்டேன். அதைவிடக் கூச்சமான கேள்வியை என் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"காலையில இருந்து எத்தன பேரு இத அனுப்பியிருப்பாங்க" என்றாள். "எங்கிட்டக் கேட்ட மொத ஆளு நீங்கதாங்க."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. வேலைக்குப் போயிட்டிருந்தேன், வூட்டுல நிறுத்திப்புட்டாங்க. போன வாரம் வரைக்கும் எனக்குப் புத்தி நல்லாத்தான் இருந்துச்சு, மாப்ளை பாக்கறாங்க, வேண்டாம்னு சொன்னேன், அன்னையில இருந்துதான் சரியில்லாமப் போயிருச்சு. நான் காணாமப் போவலீங்க. நான் எங்க இருக்கறேன்னு எனக்குத் தெரியும். எங்க போறேன்னும் தெரியும்."

யாரிடம் போகிறாள், தனியாகப் போகிறாளா என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவேண்டியது அவள் தெளிவாக இருக்கிறாளா என்பது மட்டும்தான். என்னைவிடத் தெளிவாக இருந்தாள்.

"எறங்கற ஊருல மகளிர் ஸ்டேஷனுக்குப் போயி, என் இஷ்டத்துலதான் வந்தேன்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. இங்க வேண்டாம், காரு வந்துரும்" என்றேன். போன் டீக்கடைக்காரர் கைக்குத் திரும்பியது.

"உள்ளார உக்கார வெச்சுக்கறேன்ணா. கேக்கறவங்ககிட்ட, படத்துல இருக்கறது இது இல்ல, இது எங்க அக்கா பொண்ணுன்னு சொல்லிக்கறேன். நீங்க எழுதறவரு, நீங்க பொய் சொல்லக்கூடாது. நான் டீ ஆத்தறவன், சொல்லலாம்."

பிறகு படத்தை எடுத்துவிடச் சொல்லி உங்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஞாபகம் இருக்கும். பெரும்பாலும் உடனே எடுத்தீர்கள். ஒருவர், "அண்ணா, இதுவரைக்கும் நான் போட்டதுலயே இதுதான் நல்லாப் போயிட்டிருக்குது" என்று வருத்தப்பட்டார். பிறகு அவரும் எடுத்தார்.

அட்டை வைத்திருந்த நிருபரிடம் பேசியதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும்.

"குடும்பத்துல இருந்தே குடுத்தாங்க அண்ணா, போட்டேன்" என்றார்.

"உங்க பேப்பர்ல போடுவீங்களா?"

"பேப்பர்ல எப்புடிங்க போடறது? எஃப்ஐஆர் இருக்குதான்னு ஆபீசுல கேப்பாங்க. மனசு சரியில்லேன்னா டாக்டர் சீட்டு எங்கன்னு கேப்பாங்க."

"அப்ப குரூப்புல?"

"குரூப்புல யாரு கேக்கப்போறா?" என்றார். தான் சொன்னது அவருக்கே கேட்டுவிட்டதுபோல. "எடுத்துடறேங்கண்ணா" என்றார். எடுத்தார். தன் குரூப்பில் இருந்தவர்களிடமும் அழிக்கச் சொன்னார்.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஒரே ஆள்தான். அட்டை இரண்டு வேளையும் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. பேப்பருக்கு எழுதும்போது அவரைக் கேட்க ஓர் ஆள் இருந்தார், குரூப்பில் போடும்போது இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். நமக்கு எந்த வேளையிலும் அந்த ஆள் இல்லை.

அடுத்து நடந்ததில்தான் எனக்குச் சிரமம். என்னிடம் முழுச் செய்தியும் இருந்தது. யாரிடமும் இல்லாத செய்தி. வண்டியில் உட்கார்ந்து எழுதினேன். டீ, சக்கரை, காணாமப் போவலீங்க என்று அவள் சொன்னது, எல்லாம் வந்தது. படித்துப் பார்த்தேன். நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. ரயில் இன்னும் வரவில்லை. பொம்மிடி என்ற பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் டீக்கடை இருந்தது. டீக்கடையை எடுத்தேன். அப்போதும் ரயில் இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இரண்டே வரி போட்டேன். காணவில்லை என்று சுற்றும் படத்தில் இருப்பவர் வயது வந்தவர், நலமாக இருக்கிறார், தான் காணாமல் போகவில்லை என்று அவரே சொன்னார். தயவுசெய்து பகிராதீர்கள்.

அவரே சொன்னார் என்று போட்டால் அவளுடைய பெரியப்பா, அந்த மண்டிக்காரர், என்னைத் தேடி வருவார் என்று தெரியும். போடாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். போட்டேன். போனில் டீக்கடைக்காரரின் எண்ணை அழித்தேன்.

அடிவாரத்தில் அடுத்த லோடுக்காக நின்றிருந்தபோது கார் வந்தது. பெரியப்பா இறங்கினார். மற்ற இரண்டு பேரும் என் வண்டியின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

"எங்க இருக்கறா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்வது டீக்கடைக்காரர் எனக்கு ஒதுக்காத வேலை என்று தோன்றியது. "சொல்லமாட்டேங்கண்ணா" என்றேன்.

"அப்பத் தெரியும் உனக்கு."

"பேசினேங்க. எங்கேன்னு சொல்லமாட்டேன்."

ஒருவன் என் கையில் இருந்த போனைப் பிடுங்கினான். தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒன்றும் இல்லாததால் சீட்டில் எறிந்தான். ரயில் வந்துவிட்டதா, இன்னும் அவள் அந்தக் கடைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறாளா என்று எனக்கு அப்போது தெரியாது.

"யாரு சொன்னதுன்னு சொல்லமாட்டேன்னு பத்திரிகைக்காரன் சொல்லுவான்" என்றார் பெரியப்பா. "அவனுக்கு ஆபீசு இருக்குது, வக்கீலு இருக்கறான். உனக்கு யாருடா இருக்கறா?"

"யாரும் இல்லீங்கண்ணா."

உண்மையைத்தான் சொன்னேன். லோடுக்கு நின்றிருந்த மற்ற டிரைவர்கள் தங்கள் வண்டிகளை விட்டிறங்கிக் கொஞ்சம் கிட்டே வந்து நின்றார்கள். போனைப் பிடுங்கியவன் அவர்களைப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் போனான்.

பெரியப்பா வண்டிக் கதவில் கையை ஊன்றிக்கொண்டார். அடுத்துப் பேசியது வேறு குரல். "எந்தம்பி நேத்துல இருந்து பச்சத்தண்ணி குடிக்கலடா. நல்லா இருக்கறாளா? அத மட்டும் சொல்லு."

"நல்லா இருக்குதுங்கண்ணா. நல்லாத் தெளிவாப் பேசுச்சு."

புத்தி சரியில்லை என்று தானே எழுதிக் கொடுத்த பெண்ணைத் தெளிவாகப் பேசினாள் என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் கோபம் வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தார். கார் வந்த வழியே திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு அந்த மண்டிக்கு எனக்கு லோடு வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆச்சரியம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் டீக்கடைக்காரர் கூப்பிட்டார். "ஏறிருச்சுங்கண்ணா. ரெண்டாவது டீயும் நல்லால்லேன்னு சொல்லிட்டுத்தான் ஏறுச்சு." எந்தப் பக்கம் போகிற ரயில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன ஊரில் அவள் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்ததாகவும், அங்கிருந்து அவளுடைய அப்பாவுக்குத் தகவல் வந்ததாகவும் பின்னால் அரூரில் சொல்லிக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் மனுவுக்கு வருகிறேன். அட்டை கேட்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அட்டை இருந்தால் ஆபீசில் உள்ளே விடுவார்கள். அடிக்க வருகிறவன் கொஞ்சம் யோசிப்பான். அன்று அடிவாரத்தில் என்னிடம் ஒன்று இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். கேளுங்கள். ஆனால் மனு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்ததும், உங்களுக்குள் இன்னொன்று செய்யுங்கள். ஆள் படம் போட்ட எந்தச் செய்தியையும் பொத்தானை அழுத்துவதற்கு முன் வேறு பேஜ் வைத்திருக்கும் ஒருவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் சொன்னார்களா, படத்தில் இருப்பவரைக் கேட்டாயா என்று அவர் உங்களைக் கேட்கட்டும். எரிச்சலாக இருக்கும். பேப்பர்காரர்களுக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அதனால்தான் பேப்பர் பேப்பராக இருக்கிறது.

இதை நான் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. சில நாட்களுக்கு முன்னால் அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். எங்கோ வேலையில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். வேறு நல்ல வேலை ஒன்றுக்குக் கேட்டிருக்கிறாள். எல்லாம் சரி என்று சொன்னவர்கள், பிறகு கூப்பிடவில்லை. விசாரித்தால், அவள் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடியபோது அந்தப் படம் வந்ததாம். காணவில்லை, மனநிலை சரியில்லாதவர். நம் மாவட்டத்துப் பேஜ் ஒன்றில் அது இன்னும் அப்படியே இருக்கிறது.

யாருடையது என்று எனக்குத் தெரியும். அவரிடம் பேசினேன். அவர் அந்தப் பேஜை விட்டுவிட்டுச் சேனல் ஆரம்பித்து நன்றாக நடத்துகிறார். "அது பழைய பேஜுங்கண்ணா, பாஸ்வேர்டே மறந்துபோச்சு. இப்ப யாரு அதப் பாக்கறா?" என்றார். பாஸ்வேர்டை மீட்க வழி இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். நேரம் இல்லை, அவ்வளவுதான். மனுவில் அவர் கையெழுத்தும் இருக்கும்.

அவளைத் திரும்பக் கூப்பிட்டு, இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இழுத்தேன். அவள் கேட்டாள்:

"பேப்பரா இருந்தா, தப்பாப் போட்டதுக்கு மறுப்புப் போடச் சொல்லிக் கேக்கலாம்னு இங்க ஒருத்தரு சொன்னாருங்க. நீங்கள்லாம் பேப்பரா, இல்லீங்களா?"

"கேட்டுச் சொல்றேங்க" என்றேன்.

உங்களைத்தான் கேட்கிறேன்.